சாரலில் காயாத படங்கள்

நீர்வண்ண ஓவியத்தில் பாதி வேலை வரைவது, மீதி வேலை காகிதம் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. இந்தத் தொழிலுக்கென்று எத்தனையோ வெயிலான ஊர்கள் இருக்க, எனக்கு வாய்த்தது தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற மேலகரம். ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் இங்கே கொடியில் போட்ட துண்டே காயாது, காகிதத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டு ஹேர் டிரையரைத் தலைமுடிக்குப் பயன்படுத்தி யாரும் பார்த்ததில்லை. பிரஷ்ஷும் கையுமாகக் காலம் தள்ளுகிற சக பாவப்பட்டவர்கள் இதைப் படித்தால், அங்கங்கே தலையை ஆட்டிக்கொள்ளலாம்.

பதவி உயர்வு

சிவகிரியில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் எனக்குப் பக்கத்து இலை என் கணவரின் பெரியப்பாவுக்கு. அரசு அலுவலகத்தில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவர். என்ன வேலை பார்க்கிறாய் என்று விசாரித்தார். வாட்டர் கலரில் படம் வரைகிறேன் என்றேன். அவருடைய பேத்தியும் ஒன்றாம் வகுப்பில் அதையேதான் செய்கிறாளாம். பெரிய பெரிய ஓவியர்களெல்லாம் ஆயிலில்தான் வரைவார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார்.

நான் விடவில்லை. வாட்டர் கலரில் ஒரு தடவை தப்பாகப் போட்டால் போட்டதுதான், மேலே பூசி மறைக்க முடியாது, அதனால் இதுதான் கஷ்டமான வேலை என்று ரசம் ஆறிப்போகும்வரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். மேலிடத்தில் யாரோ என்னை வேண்டுமென்றே அமுக்கி வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மனச விட்ராத தாயி. சர்வீஸ் ஆக ஆக உன்னையும் ஆயிலுக்கு எடுத்துருவாங்க."

அருவிக்கரை வைத்தியம்

சீசனில் ஒரு நாள் குற்றாலம் மெயின் அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். கூட்டம் இல்லை, வரைய இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று போய்விட்டேன். குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற மாடசாமி அண்ணன் அன்று ஆளில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு மறைப்புக் கிடைத்தது. பலகையை மடியில் வைத்து ஆரம்பித்தேன்.

மலைக்குப் பச்சை பூசி முடிக்கும்போது காற்று திரும்பியது. அருவியிலிருந்து பொடிப்பொடியாகத் தூவானம் வந்து படத்தின் மேல் விழுந்தது. பச்சை பாறைக்குள் இறங்கியது, பாறையின் செம்பழுப்பு வழிந்து என் சேலைக்கு வந்தது. குடையைச் சாய்த்தேன், துண்டால் ஒற்றினேன், கடைசியில் பலகையையே கவிழ்த்துப் பிடித்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை. காலையிலிருந்து உட்கார்ந்து செய்த வேலை, அழுகை வராத குறைதான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாடசாமி அண்ணன் எழுந்து வந்தார். கையில் எண்ணெய்க் கிண்ணம். அக்கறையாகவே கேட்டார்: "அடுத்த பேப்பருக்கு லேசா எண்ணெ தேச்சு விட்ரட்டுமாக்கா, தண்ணி ஒட்டாதுல்லா?"

வெள்ளையாக விட்ட இடம்

ஐந்தருவிப் பக்கம் புதிதாக விடுதி கட்டியவர், வரவேற்பறையில் மாட்ட ஒரு பெரிய அருவிப் படம் கேட்டார். நீர்வண்ணத்தில் வெள்ளைக்கென்று தனி வண்ணம் தொடுவதில்லை. விழுகிற தண்ணீருக்கு நேரே காகிதத்தை அப்படியே விட்டுவிட்டு, சுற்றிலும் பாறையையும் மரத்தையும் பூச வேண்டும். பூசாத இடம்தான் அருவி. அந்த வெள்ளையைக் காப்பாற்ற நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தேன். இத்தனை வருடத்தில் எனக்கு அவ்வளவு நன்றாக ஒரு அருவி அமைந்ததில்லை.

கண்ணாடி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விடுதிக்காரர் தூரத்தில் நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார். பாறை பிரமாதம் என்றார். ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற குரங்கைக்கூடக் குறிப்பிட்டுப் பாராட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. பிறகு நடுவில் இருந்த வெள்ளையில் விரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்துக் காட்டி, மரியாதையாகக் கேட்டார்: "எல்லாம் சரி மேடம், தண்ணி எப்பம் விடுவிய?"

மூலையில் ஒரு மஞ்சள்

இலத்தூர்ப் பக்கம் வயல் வரையப் போவது எனக்குப் பிடிக்கும். ஒரு முறை வரப்பில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தபோது வயலுக்குச் சொந்தக்காரர் பரமசிவம் அண்ணாச்சி பின்னால் வந்து நின்றார். தன் வயல் படத்தில் வருவதில் அவருக்குச் சந்தோஷம். கொஞ்ச நேரம் பார்த்தவர், அந்த மூலையில் எதற்கு மஞ்சள் போட்டிருக்கிறேன் என்று கேட்டார். அங்கே மஞ்சளாகத்தான் தெரிகிறது என்றேன். நின்று பார்த்தார். அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கிப் போனார்.

நான் படத்தையும் வயலையும் மாறி மாறிப் பார்த்தேன். பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சள் எடுப்பாக இருக்கும் என்று நானாகப் போட்டிருந்தால்? நம்மில் அப்படியெல்லாம் செய்யாத ஓவியர் யார் இருக்கிறார், நீங்களே சொல்லுங்கள். அவர் ஒரு பிடி பயிரைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தார். தண்டின் அடியில் புகையான் பூச்சி. இப்போதுதான் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வயல் முழுக்கக் கருகியிருக்கும் என்றார். அன்றே மருந்தடித்து, பயிர் தப்பித்தது.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனபோது, பலகையை வெளியே எடுக்கக்கூட இல்லை, அதற்குள் இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஆள் கவலையாக நின்றார். அண்ணாச்சி சொன்னார்: "இவன் என் மச்சினன்மா. இவன் வயலயும் ஒரு தரம் வரஞ்சு பாத்துச் சொல்லிருங்க."

ஜன்னத் வீட்டுச் சுவர்

தென்காசியில் ஜன்னத் என்கிற பெண், தன் வீட்டை வரைந்து தரக் கேட்டாள். அவள் கணவர் ரஹ்மத் துபாயில் இருக்கிறார். அங்கே சம்பாதித்து இங்கே கட்டிய வீடு. அவருக்கு லீவு கிடைப்பதெல்லாம் பங்குனி வெயிலில்தான், சாரலில் வீடு எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததே இல்லை. அங்கே தன் அறையில் மாட்டிக்கொள்ள மழையோடு ஒரு படம் வேண்டும் என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்து, தூறலில் வரைந்தேன். மொட்டை மாடித் தண்ணீர் விழுகிற குழாய்க்குக் கீழே, சுவரில் நீளமாகப் பாசி பிடித்திருந்தது. அதையும் வரைந்தேன். எனக்கு அந்தப் படத்தில் பிடித்த இடமே அதுதான். ஜன்னத் வந்து பார்த்தாள். பாசியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றாள். ஒவ்வொரு சீசனுக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாளாம், மறுபடி வந்துவிடுகிறது. அவர் வெயிலில் நின்று சம்பாதித்துக் கட்டிய வீட்டை இவள் பாழாக்கிவிட்டாள் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மறுபேச்சுப் பேசாமல் வேறு காகிதத்தில், பாசி இல்லாமல் வரைந்துகொடுத்தேன்.

நான் படத்தைக் கொடுக்கப் போன அன்று வீடியோ காலில் ரஹ்மத் அதை ரொம்ப நேரம் பார்த்தார். அழகாக இருக்கிறது என்றார். பிறகு தயங்கித் தயங்கி, குழாய்க்குக் கீழே சுவர் இவ்வளவு சுத்தமாகவா இருக்கிறது என்று கேட்டார். பேசும்போதெல்லாம் இவள் அந்தச் சுவர்ப் பக்கம் மட்டும் போனைத் திருப்புவதில்லை என்பதை அவர் எப்போதோ கவனித்திருக்கிறார். ஜன்னத் போனை என் கையில் கொடுத்துவிட்டாள். என் பையில் முதல் படம் இருந்தது. அவளைப் பார்த்தேன், அவள் மெல்லத் தலையசைத்தாள். எடுத்து போனுக்கு நேராகக் காட்டினேன்.

ரஹ்மத் முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்து அந்தப் பாசியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இத அனுப்புங்க சிஸ்டர். ஈரமே படாத வீட்டத்தான் நான் வருசா வருசம் வந்து பாத்துட்டுப் போறேன்."

ஜன்னத் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். போனை என் கையிலிருந்து வாங்கி, முதல் தடவையாக அந்தச் சுவருக்கு நேரே பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நல்லா பாத்துக்கங்க. அடுத்த வாட்டி சாரலுக்கு லீவு போட்டு வந்து, நீங்களே தேச்சுக் கழுவுங்க."

ஆக, படம் என்னுடையது, மூலையில் இருக்கிற கையெழுத்தும் என்னுடையது, அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்கிற வேலையை மட்டும் ஊர்க்காரர்கள் இதுவரை என்னிடம் ஒப்படைக்கவில்லை.