பெற்றுக்கொண்டோம், நன்றி

மகளைப் பாலர் பள்ளியில் சேர்க்கக் கைப்பேசியிலேயே விவரங்களை நிரப்பி, அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னொரு முறை அழுத்தலாமா? அழுத்தினால் இரண்டாகப் போய்விடுமோ, அழுத்தாவிட்டால் போகாமலே நின்றுவிடுமோ? மடியில் பிள்ளை, கையில் ஆறிப்போன கோப்பி. அந்த மணம் என்னைக் குளுவாங்குக்கு இழுத்துப் போய்விட்டது.

குளுவாங்கில்தான் என் முதல் வேலை, ஒரு கோப்பிக் கடைக்கு மேல்மாடியில். கீழே கொட்டை வறுத்தால் மத்தியானம் வரை என் துப்பட்டாவில் அந்த மணம் இருக்கும். இணையப் பக்கங்கள் செய்து கொடுக்கிற சின்ன அலுவலகம். மற்றவர்கள் பக்கத்தை அழகாக்குவார்கள். என் வேலை யார் கண்ணிலும் படாதது. எங்கோ ஒருவர் பொத்தானை அழுத்தினால் வந்து விழுவதை வாங்கி, சரிபார்த்து, அதனதன் இடத்தில் வைப்பது.

அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போகிற ஆள் நான். அதனால் வந்த எதையும் தொடுவதற்கு முன், வந்தபடியே ஒரு நகலைத் தனிக் கோப்பில் போட்டுவைப்பேன். யாரும் கேட்கவில்லை. முதலாளி விஜயன் அண்ணன் சிரிப்பார்.

“நீ ரொம்ப கியாசு லா. ஒரு தூசியக்கூட விடமாட்ட.”

எங்கே தவறிவிடுமோ என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொள்கிறவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அந்தக் கோப்புக்கே ‘கியாசு’ என்று பெயர் விழுந்தது.

டயாலிசிஸுக்குப் போகிறவர்களை இலவசமாக வேனில் ஏற்றிச்செல்ல நினைத்த ஓர் அறநிலையம், எங்களிடம் பதிவுப் பக்கம் கேட்டது. சாஆ, பெக்கோக் பக்கத்துத் தோட்டக் குடியிருப்புகளில் இணையம் தவழும். பொறுமையிழந்தவர்கள் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். ஒரே ஆள் பல பேராகப் பதிவாவார். அதற்காக ஒரு விதி வைத்தோம்: ஒரே கைப்பேசி எண்ணிலிருந்து மறுபடி வந்தால் அதே ஆள்தான். புதியது பழையதை அழித்துவிட்டு உட்காரும். எங்களுக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

முதல் வேன் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தைய சாயங்காலம், சாஆவிலிருந்து லெட்சுமி அக்கா என்பவர் அழைத்தார்.

“தங்கச்சி, வேன் மொதல்ல எங்க வீட்டுக்கு வருமா, சரசு வீட்டுக்கா?”

பட்டியலில் சரசு மட்டுமே இருந்தார்.

“அக்கா, நீங்களும் பதிஞ்சீங்களா?”

“ரெண்டு பேருக்கும் நான்தானே போட்டேன்! இந்த வரிசையில நல்ல போன் எங்கிட்டதான் இருக்கு.”

ஒரு வரிசை வீடுகளுக்கு ஒரே போன். அலுவலகத்தில் எல்லாருமே தோட்டத்தில் பிறந்தவர்கள். ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லையே!

லெட்சுமி அக்காவை உடனே சேர்த்தாயிற்று. அழைக்காதவர்கள்? ஒரு முறை சிகிச்சை தவறினாலே உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும். கியாசுவைத் திறந்து பட்டியலோடு ஒப்பிட்டேன். பெக்கோக் முனியாண்டி என்பவரை மட்டும் காணவில்லை. அவருக்காக மளிகைக் கடைக்காரர் தன் போனிலிருந்து அனுப்பியிருக்கிறார். பிறகு அதே போனிலிருந்து வேறொருவருக்கும் அனுப்பியிருக்கிறார். முனியாண்டி அழிந்துவிட்டார்.

கடை எண்ணுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. கீழே கோப்பிக் கடையில் நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. கடைசியில் வேன் ஓட்டுநர் ரவி அண்ணனைப் பிடித்தேன்.

“அலமாக்! லிஸ்ட்டுல இல்லாத ஆள நான் எப்படிம்மா ஏத்துறது?”

“பேரு வந்திருக்குண்ணே. நாங்கதான் தொலைச்சிட்டோம். வீட்டு நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க.”

“அவரு கெளம்பாம தூங்கிக்கிட்டு இருந்தா?”

“தட்டி எழுப்புங்கண்ணே.”

வீட்டு எண்ணைச் சரியாகச் சொன்னேனா என்ற பயம் மறுநாள் ரவி அண்ணன் அழைக்கும் வரை போகவில்லை.

“ஏத்தியாச்சு. தட்டவே தேவையில்லம்மா. சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்காரு மனுஷன். பேரு கெடச்சிருச்சுன்னு உங்க பக்கத்துலயே போட்டிருந்திச்சாமே?”

‘பெற்றுக்கொண்டோம், நன்றி.’ பொத்தானை அழுத்தியதும் தோன்றும் அந்த வரி நான் எழுதியது. கடைக்காரர் படித்துச் சொல்ல, அவர் அதை நம்பி உட்கார்ந்திருக்கிறார்.

விதியை மாற்றினோம். அதன் பிறகு, யார் பதிந்தாலும் நானே அழைப்பேன். “வந்திருச்சுக்கா, பேரு இருக்கு.” அவ்வளவுதான் பேச்சு. மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்கும்.

அந்த மாடியில் இப்போது நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். லெட்சுமி அக்காவின் வரிசை வீடுகள் இருந்த இடத்தில் செம்பனை மரங்கள் நிற்கின்றனவாம். கியாசுவை வேலையை விட்ட நாளில் நானே அழித்தேன். அடுத்தவர் நோய் விவரத்தை என் பயத்துக்காகச் சேர்த்து வைப்பது சரியில்லை.

ஒருவழியாக வட்டம் நின்றது. பெற்றுக்கொண்டோம், நன்றி என்று மலாயில் ஒரு வரி வந்தது. சிங்கப்பூர் வேலையிலிருந்து வந்த கணவர் எட்டிப் பார்த்தார்.

“அதான் கெடச்சிருச்சுன்னு போட்டிருக்கே. இன்னும் ஏன் மொறச்சுப் பாக்குற?”

பள்ளிக்கு அழைத்தேன். பதிவு செய்த குரல், இணையத்தில் பார்த்துக்கொள்ளச் சொன்னது.

பள்ளி திறக்கும் நாளில் இவளும் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்காருவாள். பேரு இருக்கு என்று சொல்லத்தான் யாரும் இல்லை.