இரண்டு மணி என்று எழுதிய நாள்

வேலை வெட்டி இல்லாதவர்கள் ஈ ஓட்டுவார்கள். அவளோ இருபத்திரண்டு வருஷமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஈ வளர்த்தாள். ஆராய்ச்சிக்கூடத்தின் கீழ்த்தளத்தில், சோளமாவும் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்ந்து புளித்த வாசனை அடிக்கும் அறையில், பாட்டில் பாட்டிலாகப் பழ ஈக்கள். ஒவ்வொன்றும் எள்ளளவு. மேடத்திலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் ஈயக்காதான். அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தமில்லை, உள்ளூரக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

மேடம் என்றால் அங்கே தலைமைப் பேராசிரியை. பதினான்கு வருஷத்துக்கு முன் ஒரே கூட்டத்து ஈக்களை அவர் இரண்டாகப் பிரித்தார். பாதி வெப்ப அறைக்கு, பாதி குளிர் அறைக்கு. முந்நூறு தலைமுறை முகம் பார்க்காமல் வாழ்ந்த பிறகு திரும்பச் சேர்த்து விட்டால், ஒன்றையொன்று ஜோடியாக ஏற்குமா? இல்லை, வேற்றினம் என்று விலகிப் போகுமா? மேடத்துக்கு அது ஆராய்ச்சிக் கேள்வி. ஈயக்காவுக்கு அது வீட்டுக் கேள்வி.

ஈக்களைப் பிரித்த அதே வருஷம்தான் தங்கையோடு பேச்சு நின்றது. அம்மா சாகக் கிடந்தபோது தங்கை தூர தேசத்தில் நிறைமாசமாக இருந்தாள். பிரசவம் முடியட்டும் என்று ஈயக்கா வாயைத் திறக்கவில்லை. தங்கைக்கு விஷயம் தெரிந்தபோது அம்மா போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. "அம்மா முகத்தைக் கடைசியா பார்க்க விடாம பண்ணிட்டியே! இனிமே எனக்கு அக்கான்னு யாரும் கிடையாது" என்று போனை வைத்தவள்தான். நல்லதுக்குத்தானே செய்தோம் என்று ஈயக்கா ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மனசு ஒரு தடவைகூட ஒப்பவில்லை. அன்று பிறந்த பெண்தான், இப்போது வளர்ந்து, பெரியம்மாவுக்குத் திருட்டுத்தனமாகச் செய்தி அனுப்புகிறாள்.

ஈக்கள் சேருமா என்ற கேள்விக்குப் பதில் பார்க்கும் நாளும் வந்தது. இதில் கறாரான விதி ஒன்று உண்டு. பெண் ஈ கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த முதல் எட்டு மணி நேரம் எந்த ஆணோடும் சேராது. அதற்குள் தனியே எடுத்துவிட வேண்டும். ஒரு முறை சேர்ந்துவிட்டால் அந்த விந்தை வயிற்றில் வைத்துக்கொண்டு நாள்கணக்கில் முட்டையிடும். பிறகு வேறு ஆணோடு விட்டால், பிறப்பது யாருடையது என்று சொல்ல முடியாது. காலை ஆறுக்குக் கூட்டுப்புழுக்களை மட்டும் விட்டுப் பாட்டிலைக் காலி செய்தால், அவற்றிலிருந்து வரும் புதிய பெண் ஈக்களை மதியம் இரண்டுக்குள் எடுத்தாக வேண்டும். இத்தனை வருஷத்தில் ஈயக்கா ஒரு நாளும் தவறியதில்லை.

அன்று காலை செய்தி வந்தது. 'பெரியம்மா, அம்மா இன்னைக்கு மதியம் உங்ககிட்ட பேசுவாங்க.'

கீழ்த்தளத்தில் சிக்னல் கிடைக்காது. ஒரு மணிக்கே மேலே வந்து வெளிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். என்ன பேசுவது, முதலில் அழாமல் இருக்க முடியுமா என்றெல்லாம் யோசித்தாள். இரண்டு அடித்தது. இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம் என்றாள். மூன்றுக்கும் அதையே சொன்னாள். போன் மூச்சு விடவில்லை. நாலு மணிக்குக் கால் மரத்துப்போய் எழுந்தாள்.

வெப்ப அறைப் பாட்டிலில் ஈக்கள் பாதிக்கு மேல் முதிர்ந்து நிறம் ஏறியிருந்தன. எல்லாவற்றையும் கொட்டியிருக்க வேண்டும். கொட்டினால் காரணம் சொல்ல வேண்டும். இன்னும் நிறம் ஏறாமல் வெளிறியிருந்த பெண் ஈக்களாகப் பார்த்து இருபதை எடுத்து, குளிர் அறை ஆண் ஈக்களோடு இருபது குழாய்களில் விட்டாள். நோட்டில் 'இரண்டு மணி' என்று எழுதினாள்.

ஒரு வாரம் கழித்து மேடம் கத்தினார்.

"ஈயக்கா! ஓடி வாங்க! இந்தக் குழாயில புழு! சேர்ந்துடுச்சு!"

பத்தொன்பது குழாய்கள் வெறுமை. ஒன்றில் மட்டும் புழுக்கள் நெளிந்தன. ஈயக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்நூறு தலைமுறைக்குப் பிறகும் சேரும் என்றால், பதினான்கு வருஷம் எம்மாத்திரம்! மூன்று நாள் கால் தரையில் பாவவில்லை. நாலாம் நாள் கணினியில் ஏற்ற நோட்டைத் திறந்தாள். தன் கையெழுத்திலேயே 'இரண்டு மணி'.

நேரே மேடத்திடம் போனாள்.

"மேடம், அது ரெண்டு மணி இல்ல, நாலு மணி. நான்தான் பொய் எழுதிட்டேன். அந்தப் பொண்ணு ஈ முன்னாடியே சொந்த ரூம் ஆணோட சேர்ந்திருக்கும். அந்தப் புழுவை நம்பாதீங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீங்களா? ஏன்க்கா?"

ஒன்றுவிடாமல் சொன்னாள். மேடத்துக்குத் திட்ட வாய் வரவில்லை. "மறுபடியும் பண்ணுங்க. இந்த தடவை பக்கத்துலயே உட்கார்ந்து பாருங்க" என்றார்.

இம்முறை நேரம் தப்பவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தாள். ஆண் ஈ ஒற்றைச் சிறகை விரித்து அதிரவைத்தது. அதுதான் ஈயின் பாட்டு. பெண் ஈ காதிலேயே வாங்காமல் நகர்ந்தது. இருபது குழாயிலும் இதே கதை. எதிலும் புழு வைக்கவில்லை. சேரவே சேராது என்று ஈயக்காவுக்குப் புரிந்துபோயிற்று.

ஆனால் இன்னொன்றையும் பார்த்திருந்தாள். ஆண் ஈ விடவில்லை. நகர்ந்தவள் பின்னாலேயே போய்ச் சிறகை விரித்தது, மறுபடி விரித்தது. நாள் முழுக்க. ஈயக்காவுக்கு வெட்கமாகப் போயிற்று. தான் எத்தனை தடவை கூப்பிட்டோம்? ஒரு தடவைகூட இல்லை. கோபித்தவள் அவள், அவளே பேசட்டும் என்று இத்தனை வருஷத்தை ஓட்டியாயிற்று.

படியேறி அதே இடத்தில் உட்கார்ந்தாள். தங்கை மகள் எப்போதோ கொடுத்த எண்ணை அழுத்தினாள்.

"யாரு?"

"நான்தான்."

குரல் கேட்டதும் வைத்துவிடுவாள் என்றே நினைத்தாள்.

"இப்பதான் உனக்கு நேரம் கிடைச்சுதா?" குரல் கரகரத்தது. "அன்னைக்கு நீ பேசப்போறேன்னு என் பொண்ணு சொன்னா. வேலைக்கு லீவு போட்டுட்டு, போனை மடியில வச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"எவ்வளவு நேரம்?" என்று ஈயக்கா கேட்டாள்.

"பொழுது சாயற வரைக்கும்க்கா."