பனியன் போட்ட கிரேக்க வீரன்

சிங்கம் உறுமினால் தலைக்கு மேலே தகரம் அதிரும்... கூடவே பீடிப் புகை, வறுத்த கடலை வாசம். எழுபதுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சினிமாக் கொட்டகை அது. ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு மட்டும் இங்கிலீஷ் படம் போடுவார்கள்.

கிரேக்கக் கதை என்றால் கூட்டம் அள்ளும். பல தலைப் பாம்பு, ஒற்றைக்கண் ராட்சசன், தலையில் முடிக்குப் பதில் பாம்பு வைத்த பெண்பிள்ளை. வசனம் ஒரு வார்த்தை புரியாது. அதைப் பற்றி யாருக்கும் கவலையும் இல்லை.

நான் அப்போது போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட். கொட்டகைக்கு பேனர் வரைந்து கொடுப்பதால் எனக்கும் கூட வருகிற ஒருவருக்கும் படம் இலவசம். அந்த ஒருவர் எப்போதும் குமரேசண்ணன்தான். பனியன் கம்பெனியில் நூல் மூட்டை தூக்குகிறவர். நல்ல வாட்டசாட்டம். முகம் நிறைய அம்மைத் தழும்பு.

அந்தத் தழும்பால் அவருக்குப் பெண் அமையவில்லை. பார்க்கப் போன வீட்டிலெல்லாம் மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வயது முப்பதைத் தாண்டிக்கொண்டிருந்தது. வெளியே சிரித்துப் பேசுவார்... ஆனால் எங்காவது கேமராவைப் பார்த்தால் மெல்ல எழுந்து போய்விடுவார்.

அன்றைக்கு ஓடியது ஒரு பலசாலி வீரனின் கதை. ராஜா ஒரு வேலை சொல்வார், இவன் முடித்துவிட்டு வந்து நிற்பான். உடனே அடுத்தது. சிங்கத்தைக் கொல்ல வேண்டும், ஆற்றைத் திருப்ப வேண்டும்...

"பாவம்ப்பா, ஒண்ணு முடிச்சா உக்காரக்கூட வுட மாட்டீங்கறானே அந்த ராசா. நம்ம கம்பெனியாட்டவே இருக்குது" என்றார் குமரேசண்ணன். முன்வரிசையே சிரித்தது.

அந்தப் படத்தை அவருடைய முதலாளியும் பார்த்துவிட்டார். மறுநாளே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பனியன் டப்பாவுக்குப் புது லேபிள் வேண்டுமாம். சிங்கத்தோடு சண்டை போடுகிற அதே வீரன்.

"ஆனா ஒண்ணு. படத்துல அவன் மேலுக்கு ஒண்ணுமே போடாம நிக்கறான். பனியன் விக்கறவன் டப்பாவுல அப்பிடி ஒருத்தன நிறுத்துனா ஆரு வாங்குவா? பனியனப் போட்டு வுட்டுரு. மூஞ்சியும் வெள்ளக்காரனாட்ட வேண்டாம், நம்மூராட்ட இருக்கோணும். மூலைல நம்ம முருகனோட வேல் ஒண்ணு வையி."

நம்மூர் முகத்துக்கு நான் எங்கே போவேன்... குமரேசண்ணனைத்தான் கெஞ்சினேன். ரொம்ப யோசித்துவிட்டு, "தழும்ப வுட்டுட்டு வரையறதுன்னா வரை" என்றார். சிங்கத்துக்குப் பதிலாக ஒரு நூல் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மத்தியானம் முழுக்க நின்றார்.

முதலாளி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொமரேசனாட்டத் தெரியுது, ஆனா அவனில்லையே. தழும்ப எங்கப்பா காணோம்? சிங்கத்தோட மல்லுக்கட்டுனவன் மூஞ்சி மொழுமொழுன்னா இருக்கும்? போடு, போடு."

நான் பக்கத்தில் நின்ற குமரேசண்ணனைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். அப்புறம், "மொதலாளி சொல்றாருல்ல, போடு" என்றார். ஒவ்வொரு தழும்பாக வைக்கும்போது எனக்குத்தான் கை கூசியது.

லேபிள் சிவகாசியில் அச்சாகி வந்தது. வெள்ளை வெளேரென்று பனியன், கையிலே கதாயுதம், காலடியில் சிங்கம். அவ்வளவு சண்டைக்கும் பனியனில் ஒரு கசங்கல் கிடையாது.

அந்தக் கம்பெனியில் பனியன் மடித்து டப்பாவில் வைக்கிற பெண்களில் சரசு என்று ஒருத்தி. அதிகம் பேசாது. அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று தெரிந்து முதலாளியே குமரேசண்ணனுக்காகப் பேசினார். பெண்ணின் அப்பா தயங்கினார். முகத்தைப் பற்றித்தான் இழுத்தார்.

"அந்த மூஞ்சியத்தானுங்கப்பா காத்தாலயிருந்து பொழுதுக்கும் பாத்துட்டிருக்கறேன். எனக்கு நல்லாத்தான் இருக்குதுங்க" என்றதாம் சரசு.

கல்யாணம் சிவன்மலைக் கோயிலில். போட்டோக்காரர் கேமராவை எடுத்ததும் மாப்பிள்ளையைக் காணோம். தேடினால், பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பழக்கம் மட்டும் கடைசி வரை போகவில்லை.

குமரேசண்ணன் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். எனக்கு மூட்டுவலி, உடனே போக முடியவில்லை. போன வாரம்தான் திருப்பூரை ஒட்டி நெருப்பெரிச்சலில் இருக்கிற அவர் வீட்டுக்குப் போனேன்.

சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்.

என் லேபிள். பழைய பனியன் டப்பாவின் மூடியை வெட்டிக் கண்ணாடி போட்டிருந்தார்கள். நெற்றியில் சந்தனம், குங்குமம். கை தவறியோ என்னவோ, சிங்கத்துக்கும் ஒரு பொட்டு.

"ஆதார் கார்டுல ஒரு படம் இருக்குதுங்க. அது ஆரோ மாதிரி இருக்குது. இதுதானுங்க அவரு" என்றார் சரசண்ணி.

எத்தனையோ போர்டு எழுதினேன், மழையில் எல்லாம் போய்விட்டது. இது ஒன்று இங்கே விளக்கு முன்னால் இருக்கிறது.

கீழே உட்கார்ந்து அண்ணியின் பேரன் செல்போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால்... அதே கிரேக்க வீரன், அதே சிங்கம். இப்போது எல்லாம் கிராபிக்ஸ். பிடரி மயிர் ஒவ்வொன்றாகக் காற்றில் ஆடுகிறது. எங்கள் கொட்டகைச் சிங்கத்துக்கு வயிற்றுத் தையல் தெரியும். ஆனாலும் நாங்கள் பயந்தோம். இவன் வாயில் முறுக்கோடு சும்மா பார்த்துக்கொண்டிருந்தான்.

திடீரென்று சுவரையும் செல்போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"ஏனுங்க ஆத்தா, இவன் ஏன் பனியன் போடல?"

அண்ணி படத்திலிருந்த மாலையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"அவனுக்கு மடிச்சுக் குடுக்க ஆளில்ல கண்ணு."