பூட்டு தொங்கிய கொண்டி

டெலிபோன் லைன்மேன் கோவிந்தன் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நம்ம மெக்கானிக் தணிகாசலம் நேத்து விழுப்புரத்துல போய்ட்டாரும்மா." எனக்கு அழுகை வரவில்லை. உங்கள் ஊருக்கும் பெட்டி அடிக்க வந்த அவரோடு பழகிய உங்களுக்கு இந்தக் கடிதம் கசக்கும். காரியம் முடியட்டும் என்றுதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

எங்கள் ஊர் பெருமுக்கல்லுக்கு டெலிபோன் வந்தபோது பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் அதற்குப் பெட்டி அடித்தவர் அவர். தேக்குப் பலகை, மூடி விளிம்பில் சைக்கிள் டியூப் ரப்பர். மழை, பல்லி, எறும்பு எதுவும் நுழையாது. ஒரே சாவி, அது மணியக்காரரிடம். கைக்குழந்தைக்காரி நான், இன்னொரு சாவி கேட்டேன்.

"பத்துப் பேரு தொட்டா பத்து நாளு. ஒருத்தரு தொட்டா பத்து வருஷம். பி.ஏ. படிச்சவங்க, தெரியாதா?" என்றார். படிப்பை அவர் வசவாகத்தான் சொல்வார்.

அந்த ஐப்பசி மழையில் பஸ் ஓடவில்லை. என் மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு கண்டது. திண்டிவனம் போன மணியக்காரர் திரும்பவில்லை. குழந்தையைப் பக்கத்து வீட்டு அஞ்சலையிடம் கொடுத்துவிட்டுக் குழவிக்கல்லால் பெட்டியை அடித்தேன். கட்டைவிரல் நகம் பெயர்ந்த பிறகுதான் திறந்தது. உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. போன் கைப்பிடியைச் சுற்றியதும் திண்டிவனம் எக்ஸ்சேஞ்ச் பேசியது. ஜீப்பில் டாக்டர் வந்தார். மகள் பிழைத்தாள். அவர் பெட்டி நனையாமல் காத்த போனால்தான், அதை மறைக்க மாட்டேன்.

மறுவாரம் தணிகாசலம் வந்தார். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"பெட்டி இன்னா பாவம் பண்ணிச்சு?"

"என் பொண்ணு இன்னா பாவம் பண்ணிச்சு?"

அவர் முன்னைவிடப் பெரிய பூட்டாக மாட்டினார். "இப்ப ஒடைங்க பாக்கலாம்" என்று போய்விட்டார்.

இரண்டு வருஷம். மகளுக்கு நெற்றி சுட்டால் போதும், மணியக்காரர் ஊரில் இருக்கிறாரா என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

சாவுச் செய்தி சொன்ன அன்று கோவிந்தன் என்னைப் பெட்டியருகே அழைத்துப் போனார்.

"பூட்ட உடு, அது மாட்டியிருக்கிற கொண்டியப் பாரும்மா. வெறுந் தகரம், கறுப்பு பெயிண்ட் அடிச்சிருக்காரு. ஒரு தட்டுல பிச்சிக்கும். உங்க சண்டைக்கு அப்புறம் எல்லா ஊரு பெட்டிக்கும் இதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா தெனம் தட்டிக்கினே இருப்பாங்கன்னாரு."

என்னிடமாவது சொல்லியிருக்கலாம். அவர் தின்றது என் இரண்டு வருஷத் தூக்கம். அதை மன்னிக்க எனக்கு மனமில்லை.

அவர் விட்டுப்போனதில் என் பங்குக்கு வந்தது இந்த ரகசியம் ஒன்றுதான். அதை நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. உங்கள் ஊர்ப் பெட்டியிலும் கொண்டி தகரம்தான். ஒரே அடி போதும். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு முதலில் சொல்லுங்கள்.