“சீரியஸ், ஒடனே கிளம்பி வாங்க”

நீலசந்திராவில் குடியிருந்த எத்திராஜ், தமிழ்ப் படம் ஓட்டும் ஒரு கொட்டகையில் ஆபரேட்டர். கதாநாயகன் கடைசியில் சாகிற படம் வந்தால் முதல் நாளே நாற்காலி உடையும். “அவன் சிரிக்கிற எடத்துல நிறுத்துடா, சாவ யார்ரா காசு குடுத்துப் பாப்பான்” என்பார் முதலாளி. எத்திராஜும் சாவு வருகிற துண்டை வெட்டிவிட்டு வணக்கம் போட்டுவிடுவான். ஜனங்கள் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

தொண்ணூற்றாறில் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கொட்டகைக்குப் போன் வந்தது. ஆம்பூரிலிருந்து அண்ணன் மகன் கவியரசன்.

“சித்தப்பா, அப்பா சீரியஸ். ஒடனே கிளம்பி வாங்க.”

அவ்வளவுதான், வைத்துவிட்டான்.

சீரியஸ் என்றால் என்னவென்று நம் ஜனத்துக்குச் சொல்லித்தர வேண்டுமா? செத்துவிட்டார் என்று எந்த வாயால் சொல்வது? தன் அப்பா போனபோது எத்திராஜே தந்தியில் அந்த வார்த்தையைத்தான் கொடுத்தான், மூச்சு நின்று மூன்று மணி நேரம் கழித்து. ஆகவே என்ன ஆச்சு என்றுகூட அவன் கேட்கவில்லை.

அண்ணன் சந்திரசேகரனோடு பேச்சு நின்று மூன்று வருஷம். அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு இவன் போகாததால் வந்த வினை. பொங்கலுக்குப் போய்க் காலில் விழுந்து ராசியாகிவிடலாம் என்றிருந்தான். இனி என்ன? அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து சட்டை மாற்றினான்.

அவன் பெண்டாட்டி யசோதாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. “நெசமாவே சீரியஸா இருந்தா? முன்னால வர்ற பஸ்ஸ புடிச்சுப் போயிடுங்களேன்.”

“பைத்தியமாடி நீ? நெசமா சீரியஸா இருந்தா, ‘ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க’ன்னு இல்ல சொல்லியிருப்பாங்க!”

அவன் சொன்னதிலும் தப்பில்லை. நாம் அப்படித்தானே பேசுகிறோம்!

எப்படியும் எடுக்கச் சாயங்காலமாகும் என்று லிங்கராஜபுரம் போய்த் தங்கச்சி ராதாவைக் கூட்டிக்கொண்டான். வழியில் சாப்பாடு கிடைக்காது என்று அவள் சோறு வடித்துப் போட்டாள். பிறகு மார்க்கெட்டில் கோடித் துணி எடுத்து, ஆளுயரச் சம்பங்கி மாலை கட்டச் சொல்லிக் காத்திருந்து வாங்கினார்கள். பஸ் ஏறும்போது மணி ஒன்றரை.

ஆம்பூரில் அண்ணன் தெருவில் பந்தல் இல்லை, மேளம் இல்லை, ஒரு நாற்காலி கூட வெளியே இல்லை. வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டம்மா மாலையைப் பார்த்தாள், இவன் முகத்தைப் பார்த்தாள்.

“அவரு பெரியாஸ்பத்திரில இல்ல இருக்காரு? காலையிலிருந்து ஒங்களத்தான் கேட்டுக்கினு இருக்காராம்.”

ராதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆட்டோவில் ஓடினார்கள். மாலையை அந்த ஆட்டோவிலேயே போட்டுவிட்டு இறங்கினார்கள்.

அண்ணன் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கட்டில் ஓரம் தரையில் அம்புஜம் அண்ணி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். “மூணு மணி வரைக்கும் நெனவு இருந்துச்சு தம்பி. செருப்புச் சத்தம் கேட்டா, எத்திராஜான்னு பாருன்னாரு. நாலஞ்சு தடவ எட்டிப் பாத்தேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க எப்போ கிளம்பினீங்க?”

எத்திராஜ் போர்த்திய துணியைப் பார்த்தான்.

“போன் வந்த ஒடனே அண்ணி. கிருஷ்ணகிரி தாண்டி பஸ் நின்னுபோச்சு.”

ராதா அவனைப் பார்க்காமலே சொன்னாள்: “ஆமா அண்ணி. மூணு மணி நேரம். நடுரோட்டுல.”

“பஸ்ஸு நின்னா நீங்க என்ன பண்ணுவீங்க” என்று அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினாறாம் நாள் வரைக்கும் வந்தவரெல்லாம் அந்த பஸ்ஸைத் திட்டினார்கள். கவியரசன், டிப்போவுக்கு எழுதிப் போட வேண்டும், டிக்கெட் இருக்கிறதா சித்தப்பா என்று கேட்டான். தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டு எத்திராஜ் இலையில் விழுந்த சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான்.