பொன்முடிப் படத்தில் ஏழு கதவுகள்

போன ஞாயிற்றுக்கிழமை பொன்முடிக்குப் படம் வரையப் போனேன். ஐம்பது வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காதீர்கள். எங்கள் பேட்டையான ஸ்ரீவராகத்தில் யோகா வகுப்பு நிரம்பிவிட்டது, டிராயிங் வகுப்பில்தான் இடம் இருந்தது!

மலை, தேயிலைச் சரிவு, தூரத்தில் நீலம். நடுவே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் - துருப்பிடித்த தகரக் கூரையோடு நீளமாய் ஒரு வரிசை வீடு. கண்ணை உறுத்தியது. உறுத்துவதை விட்டுவிடுங்கள் என்பார் எங்கள் டிராயிங் மாஸ்டர். விட்டுவிட்டேன். அழகுக்கு, சரிவில் கூடை சுமந்த ஒரு பெண்ணைச் சின்னதாக வைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது!

"இது நானாக்கா?"

திரும்பினேன். கூடையோடு ஒரு பெண். பெயர் செல்வியாம், அந்த லயத்துக்காரி.

"ஆமா, நீங்கதான்."

"வீட்டைக் காணோமே. வீடில்லாம நான் மட்டும் எங்க நிக்கேன்?"

சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை.

"போன மாசம் ஒரு சாரும் இங்கன உக்காந்துதான் வரஞ்சாரு. அதுலயும் லயம் இல்ல. ஆபீஸ் சுவத்துல ஒட்டிருக்கு. ரிசார்ட் வருதாம். ஆறு வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டாங்க. ஒண்ணாந்தேதி எங்களையும் போகச் சொல்லியாச்சு. போக்கிடந்தான் இல்ல."

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கியது. நட்ட நடுப்பகலில்! நிமிர்ந்தால்... லயத்தைக் காணோம். அச்சு அசல் என் படம்.

பயந்தே போனேன். அவசரமாகப் பென்சிலை எடுத்தேன். கதவு எங்கே இருந்தது? ஜன்னல்? இரண்டு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றுமே ஞாபகம் இல்லை!

"இருங்கக்கா, கதவைத் தட்டுதேன். சத்தத்த வெச்சு வரைங்க" என்று பனிக்குள் போய்விட்டாள்.

டக் டக். ஒரு கதவு வரைந்தேன். யாரும் திறக்கவில்லை. கொஞ்சம் தள்ளி மறுபடி டக் டக்... ஆறு கதவு தட்டினாள். ஆறும் அப்படியே. உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும் ஒவ்வொன்றுக்கும் காது கொடுத்துக் காத்திருந்தேன்.

ஏழாவது திறந்தது.

"என்ன புள்ள, நம்ம வீட்டுக்கே கதவத் தட்டுத?" என்றது ஓர் ஆண் குரல். அவள் பதில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

படத்தை ஹாலில் மாட்டியிருக்கிறேன். நேற்று வந்த என் மன்னி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, தன் மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள்.

"நன்னாருக்கு கேட்டோ! அந்தத் தகரத்தை மட்டும் எடுத்துட்டா..."

"ஒண்ணாம் தேதி எடுத்துடுவா, மன்னி."