நூறாவது கல்

எங்கள் வீட்டில் அந்த ஓராண்டு முழுவதும் காலை எட்டு மணிக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, சரியாக நினைவில்லை. ஓசூரில் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். வாங்கியிருந்த இணைய இணைப்பில் விடிகாலை இரண்டு முதல் எட்டு வரை எவ்வளவு பயன்படுத்தினாலும் இலவசம். எட்டு அடித்துவிட்டால் காசு. எனவே எட்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே அம்மா கையில் கரண்டியுடன் வந்து மோடத்தின் ஒயரைப் பிடுங்கிவிடுவார். அம்மாவிடம் எந்த முறையீடும் செல்லாது.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. உலகின் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் ஒரே நேரத்தில் ஆடும் ஓர் இணைய விளையாட்டில் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. பெயர் 'ஓசூர் ரோஜா'. சுரங்கத்தில் இரும்புக்கல் வெட்டவேண்டும், உலையில் உருக்கவேண்டும், கூட்டாளிகளோடு சேர்ந்து கோட்டை கட்டவேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒன்பது பேர். தலைவர் பெங்களூரில் கல்லூரியில் படிக்கும் ஓர் அண்ணன். ஆங்கில எழுத்தில் கன்னடம் தட்டுவார். பக்கத்து வீட்டுக் கன்னடம் காதில் விழுந்தே வளர்ந்தவள் என்பதால் எனக்கு அது சிரமமாக இருந்ததில்லை. கோட்டையின் வடக்குச் சுவர் என் பொறுப்பு. சுவரின் அடியில் என் பெயர் பொறித்திருக்கும். வகுப்பில் கடைசிக்கு முந்தைய பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்தச் சுவர் எவ்வளவு பெரிய சொத்து என்று பெரியவர்களுக்கு விளக்குவது கடினம்.

நான் கட்டினேன், வெட்டியவர் என் மாமா. அம்மாவின் தம்பி. காவேரிப்பட்டினத்திலிருந்து வந்து எங்களோடு தங்கி, வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் தகடு அடிக்கும் பிரஸ் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். எப்போதும் செகண்ட் ஷிஃப்ட்; வீடு திரும்ப நள்ளிரவாகும். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாலும் பிரஸ் அடிக்கும் சத்தம் காதை விட்டு இறங்காதாம்; தூக்கம் வராது. அதனால் இரண்டு முதல் ஐந்து வரை அவர் சுரங்கத்தில் கல் வெட்டுவார். ஐந்து மணிக்கு நான் எழுந்து அந்த நாற்காலியில் உட்காருவேன்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒழுங்கு கொடுத்தவர் அப்பா. இன்னொரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். விளையாட்டைத் தொட்டதே இல்லை. ஆனால் ஓர் இயந்திரத்தில் இரண்டு பேர் மாறி மாறி உட்கார்ந்தால் நோட்டு இருக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கோடு போட்டுக் கொடுத்தார். அதில் மாமாவின் குண்டுக் கையெழுத்து இப்படி இருக்கும்: "இரும்பு 600. உலை சரி. பிரச்சினை இல்லை." பத்து மாதத்தில் அந்த வாசகம் மாறியதே இல்லை. கீழே என் கையொப்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா புரட்டிப் பார்த்து ஒரு டிக் போடுவார்.

அதே நோட்டின் கடைசிப் பக்கம் என் தனிப்பட்ட பதிவேடு. அந்த விளையாட்டில் எல்லோரும் வெறுத்த ஒன்று உண்டு: பாட். ஆள் உட்காராமல், ஒரு நிரலை ஓடவிட்டு இரவும் பகலும் கல் வெட்டுவது. நாமெல்லாம் கண் எரிய வெட்டும்போது ஒருவன் தூங்கிக்கொண்டே சுரங்கத்தைக் காலி செய்துவிடுவான். அநியாயம் என்றால் அதுதான் அநியாயம் என்று நான் நம்பினேன். கோட்டைக்கு மேற்கே இருந்த பொதுச் சுரங்கத்தில் தினமும் ஒரு சுற்று வருவேன். ஒரே சீராக வெட்டுகிறவன் எவனாவது தென்பட்டால் எதிரில் நின்று ஆங்கிலத்தில், "நீ மனிதனா?" என்று கேட்பேன். மூன்று முறை கேட்டும் பதில் வராவிட்டால் நிர்வாகத்துக்குப் புகார் அனுப்புவேன். பெயரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்வேன். பதினொரு பெயர்கள் சேர்ந்திருந்தன. அந்தப் பதினொரு கணக்குகளும் பிறகு சுரங்கப் பக்கம் தென்படவில்லை. காவல் துறைக்கே போகலாம் போலிருக்கிறதே என்று அப்பா பாராட்டினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு எழுந்து வந்தபோது மாமா திரையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா, என்னாவோ செவப்பா எழுதி வந்துச்சி. கோடாலியும் ஆட மாட்டேங்குது. நீயே பாரு, எனக்குக் கண்ணு கூசுது."

படித்தேன். 'ஓசூர் ரோஜா' ஒரு பாட் என்று பலர் புகார் அளித்துள்ளனர், கணக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, ஐந்து நாட்களுக்குள் விளக்கம் தராவிட்டால் கணக்கும் அதன் பெயரில் கட்டப்பட்டவை அனைத்தும் நீக்கப்படும். கூட்டத்தின் அஞ்சல் பெட்டியில் தலைவர் அண்ணனின் ஒரே வரி கிடந்தது: "நிஜ ஹேளு, நீனு மனுஷனா?" உண்மையைச் சொல், நீ மனிதனா? பதினொரு பேரிடம் நான் கேட்ட கேள்வி எனக்கே வந்திருந்தது. அன்று பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுதேன். சுவர் இடிவதைவிட, ஊர் ஊராக எட்டுப் பேர் என்னை ஏமாற்றுக்காரி என்று நினைத்துக்கொண்டிருப்பார்களே என்பதுதான் தாங்கவில்லை.

மாமாவுக்கு என்னைவிட அதிகமாக முகம் வாடியது. "நான் ஏதாச்சும் தப்பா அமுக்கிட்டனா பாப்பா?" என்று நாலைந்து முறை கேட்டார்.

மாலையில் அப்பா வந்தார். நிர்வாகத்தின் கடிதத்தை முழுவதும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். அதில் மூன்று குற்றச்சாட்டுகள். ஒன்று, இந்தக் கணக்கு தினமும் சரியாக இரண்டுக்குத் தொடங்கி எட்டுக்கு நிற்கிறது, ஒருநாளும் பிசகுவதில்லை. இரண்டு, முதல் மூன்று மணி நேரத்தில் யார் என்ன கேட்டாலும் பதிலே இல்லை. மூன்றாவதுதான் எனக்குப் புதிது, மாமா வெட்டும் சுரங்கத்துக்கு நான் போனதே இல்லை: ஒவ்வொரு நூறு கல்லுக்கும் ஒரு கல்லைச் சுரங்க வாயிலில் ஒரே இடத்தில் போட்டுவிட்டுப் போகிறது, அங்கே இப்போது ஆயிரத்துக்கு மேல் குவிந்திருக்கிறது, இது நிரலில் உள்ள பிழையாகவே இருக்கமுடியும்.

அப்பா கடிதத்தைக் கீழே வைத்தபோது அவர் முகத்தில் கவலை இல்லை. சொல்லப்போனால் ஒரு தெளிவு வந்திருந்தது. தொழிற்சாலையில் அவர் தினமும் பார்ப்பது இதைத்தான்: வாடிக்கையாளர் புகார். அதற்கு ஒரு படிவம் உண்டு, ஒரு முறை உண்டு. குறை எதுவானாலும் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே போகவேண்டும். ஐந்தாவது ஏனில் வேர் அகப்படும் என்பார்.

அம்மாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "ஆறு மணி நேரமும் பாப்பாதான் ஆடுதுன்னு எழுதிப் போட்டுட்டு வேலைய பாருங்க" என்றார். எனக்கும் அதுவே எளிதாகத் தோன்றியது. அப்பா ஒப்பவில்லை. பொய் சொல்லி ஒரு லாட் சரக்கை அனுப்பிவிடலாம், அடுத்த லாட் அப்படியே திரும்பி வரும் என்றார். மாமா அன்று லீவு போட்டிருந்தார். அவரை எதிரில் உட்காரவைத்துப் பேனாவைத் திறந்தார் அப்பா.

முதல் ஏன், எதற்காக இரண்டு மணிக்கே ஆரம்பிக்கிறோம். இலவச நேரம். எழுதிக்கொண்டார். இரண்டாவது, எட்டு மணிக்கு ஏன் நிற்கிறது. அம்மாவைப் பார்த்தோம். அதையும் எழுதிக்கொண்டார். மூன்றாவது, நூறாவது கல்லை ஏன் போட்டுவிட்டு வருகிறாய்.

மாமா ஆச்சரியத்தோடு அப்பாவைப் பார்த்தார். "என்னா மாமா, நீங்களே கேக்கறீங்க? நூறாவது பீஸ செக்கிங்குக்குத் தனியா வைக்கணும் இல்ல?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரஸ்ஸில் வேலை செய்கிறவர்கள் நூறு தகடு அடித்தால் ஒன்றை எடுத்துத் தனிப் பெட்டியில் வைப்பார்கள். பரிசோதகர் வந்து அளந்து பார்த்து எடுத்துப்போவார். அப்பாவே அப்படி எடுத்துப்போகிற ஆள்தான். மாமாவின் கை அதைச் சுரங்கத்திலும் செய்துகொண்டிருந்திருக்கிறது.

"செக்கிங் ஆளு எவனும் வந்து எடுக்கல. அதான் குவிஞ்சி போச்சி" என்று மாமா குறைப்பட்டுக்கொண்டார். அழுத முகத்தோடு நானும் சிரித்துவிட்டேன்.

நான்காவது ஏன்: கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாதது எதனால்.

மாமா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "வேல நேரத்துல பேச்சு என்னாத்துக்கு மாமா. கை உள்ள போயிடும்."

பிரஸ்ஸின் முன்னால் நிற்கிறவன் பேசக்கூடாது என்பது எனக்கும் தெரிந்த விதி. அடுத்த ஏனுக்காகக் காத்திருந்தேன். அது எனக்கே தெரிந்திருந்தது: கோடாலியை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லியிருக்கலாமே, அது ஏன்? அப்பா மாமாவை ஒரு கணம் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

"போதும் மாப்ள. நீ போயி படு."

நான்கு ஏன்களை வைத்துக்கொண்டே பதில் கடிதம் தயாரானது. குறை, காரணம், திருத்த நடவடிக்கை என்று அப்பா கட்டம் கட்டிச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் தட்டினேன். ஐந்து ஏன் என்றுதானே சொல்வீர்கள் என்று கேட்டேன். எல்லாப் புகாருக்கும் ஐந்து தேவைப்படாது என்றார். என் பத்து மாதச் சுவர் தொங்கிக்கொண்டிருக்கும்போது அவர் ஒரு கேள்வியைச் சோம்பலில் விட்டுவிட்டதாக உள்ளூரக் கோபம் வந்தது.

பதில் வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் எங்கள் நேரப்படி காலை ஆறு மணிக்குக் கணக்கை அரை மணி நேரம் திறந்துவிடுவார்கள். கல் வெட்டுகிறவர் வந்து வெட்டவேண்டும், நிர்வாகி ஒருவர் பக்கத்தில் நின்று கேள்வி கேட்பார்.

சனிக்கிழமை மாமா குளித்துத் திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டையுடன் வந்து உட்கார்ந்தார். நிர்வாகிக்கு அது தெரியப்போவதில்லை என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அம்மா கதவருகே நின்றார்; அன்று கையில் கரண்டி இல்லை. கேள்விகளை நான் தமிழில் சொல்வதென்றும், மாமா சொல்லும் பதிலை நான் தட்டுவதென்றும் அப்பா ஏற்பாடு செய்திருந்தார். அதையும் நிர்வாகிக்கு முதலிலேயே எழுதித் தெரிவித்துவிட்டார்.

மாமா வெட்டத் தொடங்கினார். திரையில் நிர்வாகியின் உருவம், ஒரு நீல அங்கி, வந்து நின்றது. எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டது. பிறகு, இந்தக் குவியலை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டது.

மாமா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நீங்கதான் செக்கிங்கான்னு கேளு பாப்பா. இருந்தா அளந்து பாத்துட்டு எடுத்துக்கினு போவச் சொல்லு. இல்லன்னா பாப்பாவோட செவுத்துக்குக் குடுத்துடலாம்."

அப்படியே தட்டினேன். நீல அங்கி குனிந்து, குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "அளவு சரி" என்று எழுதியது. அடுத்த வரியில் கணக்கு விடுவிக்கப்படுவதாகவும், ஆனால் ஒரு கணக்கில் ஒருவர்தான் ஆடலாம், வெட்டுகிறவருக்குத் தனிக் கணக்கு தொடங்கவேண்டும் என்றும் வந்தது.

நான் எழுந்து குதித்ததில் நாற்காலி சாய்ந்தது. வடக்குச் சுவர் இருந்த இடத்தில் இருந்தது. அடியில் என் பெயரும் இருந்தது. தலைவர் அண்ணன் "சாரி புட்டி" என்று எழுதியிருந்தார்; புட்டி என்றால் கன்னடத்தில் குட்டிப் பெண். அம்மா அன்று மட்டும் எட்டே கால் வரை ஒயரைத் தொடவில்லை. மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு பாய் விரித்துப் பகல் இரண்டு மணி வரை தூங்கினார். பிரஸ் சத்தம் அன்று அவர் காதுக்குள் இல்லை போலும்.

தனிக் கணக்கு மட்டும் அவர் தொடங்கவே இல்லை. படிவத்தைத் திறந்து வைத்தால், "எனக்கு எதுக்கு பாப்பா. நீ ஆடு, நான் பக்கத்துல குந்திக்கறன்" என்றார். என்மேல் உள்ள பாசம் என்று எடுத்துக்கொண்டேன். பாசமும் இருந்தது, அதில் தவறில்லை. அந்தப் படிவம் முழுக்க எழுத்து என்பது மட்டும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை மேற்குச் சுரங்கத்துக்குச் சுற்று போனேன். ஒருவன் தலை நிமிராமல் ஒரே சீராக வெட்டிக்கொண்டிருந்தான். எதிரில் நின்று வழக்கமான ஆங்கிலக் கேள்வியை மூன்று முறை கேட்டேன். பதில் இல்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டு என்று எண் போட்டு, அவன் பெயரை எழுதினேன்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த மாமா எட்டிப் பார்த்தார். "என்னா கேட்ட அவன?"

சொன்னேன்.

"வேற எதாச்சும் கேட்டுப் பாரேன். சாப்டியான்னு கேளு." டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, "பேசலன்னா வுடு பாப்பா. வெட்டிக்கட்டும்."

சட்டம் தெரியாமல் பேசுகிறாரே என்று சிரித்துக்கொண்டே புகார்ப் படிவத்தை நிரப்பினேன். கடைசி வரி முடிந்து, அனுப்பும் பொத்தானுக்குப் போவதற்குள் திரை அப்படியே நின்றுபோனது. திரும்பிப் பார்த்தால் அம்மா, ஒரு கையில் கரண்டி, மறு கையில் ஒயர். எட்டுக்கு இரண்டு நிமிடம்.

பன்னிரண்டில் அந்த ஒரு புகார் மட்டும் போய்ச் சேரவில்லை. அதற்காக அன்று முழுவதும் நான் அம்மாவிடம் பேசவில்லை.